பிடியரிசித் தண்டால்

எண்ணத் தெரியாதவன் உடம்பை வளர்க்கப் போகக் கூடாது. நான் எண்ணத் தெரியாதவன் என்று சொன்னால் என்னிடம் படித்த பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். பத்து வரைக்கும் நேர்மையாகத்தான் எண்ணுவேன். கை நடுங்க ஆரம்பித்ததும் பன்னிரண்டுக்கு அடுத்தது பதினேழு என்று வாய் தானாகச் சொல்லிவிடும். தரையில் குப்புறக் கிடந்து தண்டால் எடுக்கிறவனுக்கு அவனே கணக்கன், அவனே கள்ளன். பக்கத்தில் சாட்சிக்கு ஆள் கிடையாது. இப்படிப்பட்டவன் கணக்கைச் சரிப்படுத்த ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டுபிடித்தான் என்றால் ஊர் என்ன பாடு படும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் பட்டது.

முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. தக்கலைக்குத் தெற்கே எங்கள் ஊர். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வேலை காலியாயிற்று. பழைய டிரில் மாஸ்டருக்கு முன்பற்கள் போன பிறகு விசில் வாயில் நிற்க மறுத்ததால் அவர் ஓய்வு பெற்றுக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு மேலாளர் ஒரு வெள்ளைக்காரத் துரை. சர்டிபிகேட்டைப் பார்த்து டிரில் மாஸ்டரை எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இந்த முறை உடம்பைப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பள்ளி மைதானத்தில் வந்து நிற்க வேண்டும். டேப் பிடித்து மார்பளவு எடுப்பார். தண்டால், உட்கார்ந்து எழும் பஸ்கி, பாரம் தூக்குவது எல்லாம் பார்ப்பார்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வேட்டியை நான் உடுத்தியிருக்கிறேனா, வேட்டி என்னை உடுத்தியிருக்கிறதா என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். இருந்தாலும் எனக்கு அந்த வேலை வேண்டும். காரணம் எஸ்தர். என் தாய்மாமன் மகள்.

மாமா தக்கலையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். துணியை முழம் போடுவதுபோலவே பேச்சையும் அளந்துதான் பேசுவார். “மருமவனே, ஒனக்குத் தராம பெண்ண நான் வேற யாருக்குத் தரப்போறேன்? ஆனா மாசம் பொறந்தா சம்பளம்னு ஒண்ணு கையில கிட்டணும், கேட்டியா? அது இல்லாட்டு, கருங்கல் ஊருல இருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருக்கு. கிளார்க்காக்கும்” என்றார். உள்ளே தண்ணீர் எடுக்கிற சாக்கில் வந்த எஸ்தர் என் காதருகே, “அத்தான், அந்தக் கிளார்க்குக்குக் காது ரெண்டும் மொறம் மாதிரி இருக்கு. எனக்கு வேண்டாம். எப்பிடியாவது அந்த வேலைய வாங்கிருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நிமிஷமே எனக்குப் புஜம் வளர ஆரம்பித்துவிட்டதாகத் தோன்றியது. (தொட்டுப் பார்த்தேன். இல்லை.)

எனக்குப் போட்டி ஒரே ஒருவன். செக்காட்டும் வீட்டு ஞானமுத்து. அவன் உடம்பு எண்ணெய் தேய்க்காமலே மினுங்கும். அவன் பயிற்சி செய்கிற முறை ஊருக்கே தெரியும். வீட்டுப் பின்புறம் உடைந்த ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. அதை மார்புவரை தூக்குவான். எட்டுத் தடவைக்கு மேல் முடியாது, எட்டோடு வைத்துவிடுவான். வெற்றிலை போட்டு, அதைத் துப்பி முடிக்கிறவரை உட்கார்ந்திருப்பான். பிறகு இன்னொரு எட்டு. பிறகு இன்னும் ஒன்று. அவ்வளவுதான் பயிற்சி. மறுநாள் ஒன்றுமே செய்யாமல் சாளை மீன் கறியும் மரச்சீனிக் கிழங்கும் தின்றுவிட்டுத் தென்னை மூட்டில் படுத்து உறங்குவான். இது ஒரு முறையா என்று ஊரில் பலருக்கும் கோபம்.

துரை அறிவிப்பு வந்த பிறகு காப்பிக் கடையில் இரண்டு கட்சிகள் உண்டாயின. கொஞ்சத் தடவை, கூடுதல் பாரம் என்பது ஒரு கட்சி. பாரம் கிடக்கட்டும், எண்ணிக்கையைக் கூட்டு என்பது மறு கட்சி. இரண்டிலும் இருந்தவர்கள் யாரும் வாழ்நாளில் தண்டால் எடுத்தவர்கள் அல்ல. அதனால் விவாதத்துக்குக் குறைவே இல்லை. கொஞ்ச நாளில் பாரக் கட்சிக்காரன் எண்ணிக்கைக் கட்சிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பதில்லை என்ற அளவுக்கு முற்றியது. ஞானஸ்நானத்துக்கு முழுக்குவதா தெளிப்பதா என்ற சண்டை ஓய்ந்து நெடுநாளாகிவிட்ட ஊருக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

எண்ணிக்கைக் கட்சிக்குத் தலைவன் என் நண்பன் மாசிலாமணி. தொந்தி உள்ளவன், குனிந்தால் தன் காலைப் பார்க்க முடியாது. ஆனால் உடற்பயிற்சி பற்றி அவனுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

“லேய் சாலமோனே, எட்டுத் தடவை தூக்குனா உடம்புக்குத் தெரியவே செய்யாதுடே. அது பாட்டுக்கு உறங்கிக்கிட்டு கெடக்கும். அதப் போட்டு அடிக்கணும். இன்னைக்கு அம்பதுன்னா நாளைக்கு அறுவது. சதை பயந்து போயி வளரும்” என்றான்.

“பயந்து போயி ஒளிஞ்சிருச்சுன்னா?” என்றேன்.

“எங்க போயி ஒளியும்? தோலுக்குள்ளதானே கெடக்கணும்!”

மறுக்க முடியாத வாதமாக இருந்தது. நான் எண்ணிக்கைக் கட்சியில் சேர்ந்தேன்.

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் தேங்காய் போட்டு வைக்கும் சாய்ப்பு ஒன்று உண்டு. விடியற்காலம் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். சாத்துவதற்குக் காரணம் அம்மா. அப்பா நான் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. என்னைப் போதகராக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தாள். தண்டால் எடுப்பவன் கள்ளுக்கடைச் சண்டியன் என்பது அவள் கொள்கை. ஆகவே ரகசியம்.

ரகசியம் சரி, கணக்குத்தான் இடித்தது. பன்னிரண்டுக்குப் பிறகு பதினேழு என்ற பழைய வியாதி. நேற்றைவிடக் கூட எடுத்தேனா குறைய எடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் அந்தப் புத்திசாலித்தனம் உதித்தது.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். சனிக்கிழமை சபையிலிருந்து ஆள் போய் வீடு வீடாக அதை வாங்கி வர வேண்டும். பதினைந்து வயதிலிருந்து அந்த ஆள் நான். கோவிலுக்குக் கிழக்கே கொத்தனார் வீட்டில் தொடங்கி, குளத்தைச் சுற்றி, மேற்கே பனைவிளையில் முடியும். எந்த வீட்டை விட்டாலும் அடுத்த ஞாயிறு சண்டை வரும் என்பதால் வரிசை எனக்குத் தூக்கத்திலும் தப்பாது. எண்ணை மறக்கலாம், கொத்தனார் வீட்டை மறக்க முடியுமா? ஒரு தண்டாலுக்கு ஒரு வீடு என்று வைத்தேன். கீழே இறங்கும்போது மூச்சு. மேலே எழும்பும்போது வீட்டுப் பெயர். “கொத்தனார் வீடு... ஹும்... டெயிலர் வீடு... ஹும்... பெரிய வாத்தியார் வீடு... ஹும்...” ஒரு வீடு விடாமல், ஒரு பொய் இல்லாமல் கணக்கு நின்றது. நேற்று குளக்கரை வரை. இன்று குளத்தைத் தாண்டி இரண்டு வீடு. மாசிலாமணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “நீ படிச்சவம்லா!” என்றான்.

அம்மா ஒரு நாள் அடுக்களையில் நெருப்புக்குத் தேங்காய்த் தொண்டு எடுக்க வந்தவள் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே அவள் மகன் இருட்டில் தனியே கிடந்து, சபையில் உள்ள ஒவ்வொரு வீட்டின் பெயரையும் சொல்லி முக்கி முனகுகிறான். இடையிடையே “ஆண்டவரே” என்றும் ஒரு சத்தம். (அது குளத்துக்கரை ஏறும்போது வரும்.) அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது. வெளியே வந்தேன். வேர்வையில் குளித்து, கண் சிவந்து, கால் தள்ளாடி நின்ற என்னைப் பார்த்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். பாசம் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானமே அடுத்த வீட்டு அன்னம்மைக்குத் தெரிந்தது. அன்னம்மை கைம்பெண். அவளுக்குத் தெரிந்தால் சபைக்கு மணி அடித்த மாதிரி.

“வீடு வீடாட்டு பேரு சொல்லி மன்றாடுதான் பிள்ளே. என் வீட்டுக்கு வந்தப்ப ஒரு முக்கு முக்குனாம் பாரு, எனக்குக் கொடலே கலங்கிப் போச்சு” என்று அவள் தானே கேட்டதுபோல் கிணற்றடியில் சொன்னாளாம்.

மறுநாள் நான் சாய்ப்புக்குள் இருந்தபோது வெளியே சுவரோரம் நாலைந்து பேர் இருந்திருக்கிறார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் அதிகம். ஒரு வாரத்துக்குப் பிறகு டெயிலர் என்னை வழியில் மறித்தார்.

“தம்பி, தப்பா நெனைக்கப்பிடாது. கொத்தனார் வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் முக்கல் லேசா இருக்கு. அங்கோட்டு பனைவிளைக்காரனுவளுக்கு வல்லாத்த முக்கல். அவனுவ எங்களவிட என்ன கூடுதலாட்டு காணிக்கை போடுதானுவ?”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் ஊர் என் தண்டாலை ஜெபம் என்று நினைத்திருப்பது தெரிந்தது. தண்டாலின் தொடக்கத்தில் தெம்பு இருக்கும், கடைசியில்தான் உயிர் போகும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? “நாளைக்கு மேற்கே இருந்து தொடங்குகேன் அண்ணாச்சி” என்றேன். அவர் கண்ணீரோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். பனைவிளைக்காரர்கள் அடுத்த நாள் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வேலை கிடைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் உடம்பு என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? வாடியது. சட்டை தோளிலிருந்து வழுக்க ஆரம்பித்தது. மாசிலாமணியிடம் ஓடினேன். அவன் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “வேண்டாத்த கொழுப்பு போகுதுடே. அடுத்தது சதைதான் வரணும். இன்னும் கூட்டு” என்றான்.

கூட்டுவதற்கு அவன் வேண்டியதில்லை, சபையே கூட்டியது. கொழும்புக்குப் போன தம்பியைச் சேர்த்துக்கொள் என்று ஒருவர். மலைத் தோட்டத்தில் காய்ச்சலாகக் கிடக்கும் மருமகனைச் சேர்த்துக்கொள் என்று இன்னொருவர். கன்று போடாத பசுவுக்கு ஒன்று. ஆளுக்கொரு பெயர், பெயருக்கொரு தண்டால். அன்னம்மையின் மகன் இலங்கைக்குப் போய் இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. அவள் கேட்டபோது மறுக்க முடியாமல் அவனையும் சேர்த்தேன். பத்தாம் நாள் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அங்கிருந்து வந்த ஆள் ஒருவன் சொன்னான். அன்னம்மை எங்கள் வாசலில் வந்து நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கத்தில் பாதி, நிஜமாகவே பாதி. அதற்குப் பிறகு கை ஒடிந்தாலும் அவள் மகன் பெயரை மட்டும் விட முடியவில்லை.

சாப்பாட்டிலும் இடி விழுந்தது. ஜெபிக்கிற பிள்ளைக்கு வயிறு நிறையப் போட்டால் உறக்கம் வரும் என்று அம்மா மீனை நிறுத்தினாள். காலையில் கஞ்சித் தண்ணீர். ஞானமுத்து வீட்டில் அயிலை பொரிக்கும் வாசனை வேலி தாண்டி வரும். நான் வேலிப் பக்கமாக நின்று மூச்சுப் பயிற்சி செய்வேன்.

ஒரு நாள் துணிந்து பாரக் கட்சிக்கு மாறினேன். எண்ணெய் நிறைந்த பெரிய தகரம் ஒன்றைச் சாய்ப்புக்குள் கொண்டுபோய், ஞானமுத்துவைப்போல், ஆனால் வீட்டுப் பெயர் சொல்லி, எட்டே தடவை தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆகா, என்ன சுகம்! உடம்புக்குள் ஏதோ நல்லது நடக்கிறது என்று முதல் முறையாகத் தோன்றியது. உடனே கதவு தட்டப்பட்டது.

“மக்கா, இன்னைக்கு என்ன எட்டு வீட்டோட நிறுத்திட்டா?” அம்மாவின் குரல்.

“செத்த நேரம் இருந்துகிட்டு அப்புறம்...”

“ஒம்பதாம் வீட்டுக்காரிய இங்க நிக்காவ மக்கா. அவிய மொகத்தப் பாக்க முடியல.”

மறுபடி குப்புற விழுந்தேன். ஒரு நாள் ஓய்வு கேட்டுப் பார்த்தேன். “ஜெபத்துக்கு லீவு உண்டா?” என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். உடம்பு வளர்வது ஓய்வில்தான் என்று ஞானமுத்துவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தபோது ஓய்வு கொடுக்கிற அதிகாரம் என் கையில் இல்லை. எத்தனை எடுக்க வேண்டும் என்பதைச் சபைதான் தீர்மானித்தது.

துரை வரும் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை. மாசிலாமணி வந்தான். “கையப் பாத்துட்டு காலப் பாப்பாருடே துரை. பஸ்கி எடுத்தியா?” என்றான். இல்லை என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடித்துவிடலாம் என்று இரண்டு பேருமாக முடிவு செய்தோம். (பரீட்சைக்கு முதல் நாள் புத்தகம் வாங்கிப் படித்துத் தேறியவர்கள் நாங்கள்.) ஊர் முழுவதையும் தண்டாலில் ஒரு சுற்று வந்தேன். பிறகு எழுந்து நின்று பஸ்கியில் இன்னும் இரண்டு சுற்று. வெளியூர் ஆட்கள், பசு எல்லாம் சேர்த்து. வெளியே சுவரோரம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிறுத்த நினைத்தாலும் பாட்டு நிற்கவில்லை. கடைசிப் பெயரைச் சொல்லி உட்கார்ந்தவன் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன். தொடை இரண்டும் சூடாக இருந்தன. வளர்கிறது என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை கட்டிலை விட்டு இறங்கியபோது என் கால்களுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முழங்கால் மடங்கவில்லை. மடக்கினால் நிமிரவில்லை. வாத்து மாதிரி கோவிலுக்கு நடந்தேன். வாசல்படியில் பக்கவாட்டாக, நண்டு ஏறுவதுபோல ஏறினேன். ஆண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். நான் கடைசியில் தூணைப் பிடித்து நின்றுகொண்டேன். “எம்புட்டுத் தாழ்மை பாரு” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. முன்வரிசையில் துரை நாற்காலியில் இருந்தார். பெண்கள் பக்கத்தில், தேர்வைப் பார்க்கத் தக்கலையிலிருந்து வந்த மாமா வீட்டார். எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணால் தைரியம் சொன்னாள். ஆராதனை முடிவதற்குள் கால் சரியாகிவிடும், மைதானத்தில் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் கணக்கின் லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் தொண்டையைச் செருமினார். “நம்ம சபையில தேவன் ஒரு வாலிபனை எழுப்பியிருக்கிறார். தம்பி சாலமோன் முன்னால் வந்து சபைக்காக ஜெபிப்பார். எல்லாரும் முழங்கால்படியிடுவோம்” என்றார்.

போனேன். வேறு என்ன செய்ய? முழங்கால்படியிட்டேன் என்று சொல்வதைவிட விழுந்தேன் என்பதுதான் சரி. தட்டென்று சத்தம் கேட்டது. பின்னால் இரண்டு பெண்கள் உருக்கத்தில் விம்மினார்கள். துரையும் நாற்காலியை விட்டு இறங்கி, கால்சட்டையோடு தரையில் முழங்காலிட்டார்.

சுருக்கமாக ஜெபித்தேன். சபை, பள்ளி, துரை, எல்லாருக்கும் ஆசீர்வாதம், ஆமென். எழுந்திருக்கத் தொடைக்கு உத்தரவு கொடுத்தேன். தொடை அசையவில்லை. கையை ஊன்றப் பார்த்தேன். கையும் நேற்றே போய்விட்டிருந்தது. எங்கள் சபையில் ஒரு மரியாதை உண்டு. ஜெபிக்கிறவர் எழும்பாமல் வேறு ஒருவரும் எழும்பக் கூடாது. ஆமென் கேட்டுக் கண் திறந்தவர்கள் நான் அப்படியே இருப்பதைப் பார்த்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள். கோவில் முழுக்க அமைதி. அந்த அமைதி தாங்காமல் நான் “மேலும், ஆண்டவரே...” என்று தொடங்கினேன்.

மேலும் சொல்ல என்ன இருக்கிறது? கொத்தனார் வீடு இருக்கிறது. அங்கே தொடங்கினேன். டெயிலர் வீடு, பெரிய வாத்தியார் வீடு, குளக்கரை. தண்டாலோடு சொல்லிப் பழகிய வாய், ஒவ்வொரு பெயருக்கும் தானாக ஒரு முக்கு முக்கியது; தோளும் கூடவே குலுங்கியது. பனைவிளையும் முடிந்தது. ஆமென் சொல்லி எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. மகாராஜாவுக்காக ஜெபித்தேன். திவானுக்காக ஜெபித்தேன். சாரல் மழைக்காக, கன்னிப்பூ நெல்லுக்காக, இராஜாக்கமங்கலத்தில் கடலுக்குப் போன மீன்பிடிக்காரர்களுக்காக, பள்ளிக்கூட ஓட்டுக்காக. மறுபடி ஆமென். மறுபடி எழும்ப முடியவில்லை. சபையில் கிழவர்கள் நெளிந்தார்கள். டெயிலர் அண்ணாச்சி குறிப்புக் காட்டுவதற்காக, “ஆமென்! ஆமென்!” என்று உரக்கச் சொன்னார். அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்ட போதகர் தானும் ஒரு “அல்லேலூயா” போட்டார். துரையின் முகம் செம்பருத்தியாகிவிட்டது. அவருக்கும் முழங்கால் நம்முடையதுபோலத்தானே?

கருங்கல் கிளார்க்குக்காகக்கூட ஜெபித்தேன் ஐயா. (காது விஷயம் சொல்லவில்லை.) வேலை போயிற்று, எஸ்தரும் போனாள் என்று நெஞ்சுக்குள் தெரிந்துவிட்டது. அந்த மாதம் முழுவதும் ஊர் நினைத்த அந்த ஜெபத்தை அப்போதுதான் உண்மையாகச் செய்தேன். சத்தம் போடாமல், ஒரே வரியில்: “ஆண்டவரே, என்னைத் தூக்கி நிறுத்தும்.” கண்ணீர் கொட்டியது.

பின்னால் காலடிச் சத்தம். ஞானமுத்து. மரியாதையை மீறி எழுந்து வந்தவன் அவன் ஒருவன்தான். என் பின்னால் குனிந்து காதோடு கேட்டான்.

“லேய், தொட பிடிச்சிருக்கா?”

“ஆமாடே.”

“எத்தன எடுத்தா?”

“ஊரு ரெண்டு சுத்து.”

“முட்டாப்பயலே” என்றான், மெதுவாக, அன்போடு. என் இரண்டு அக்குளுக்குள்ளும் கையைக் கொடுத்து ஒரே தூக்கு. நெல் மூட்டையை நிமிர்த்தி வைப்பதுபோல் நிமிர்த்தி வைத்து, நான் சாயாமல் பிடித்துக்கொண்டான். அவன் மூச்சு வாங்கக்கூட இல்லை. “ஆமென்” என்று நான் சொன்னதும் சபை சொன்ன ஆமென் அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கோவில் கேட்டறியாதது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்து எழும்பினார்கள். துரையை எழுப்பவும் ஞானமுத்துதான் போக வேண்டியிருந்தது.

மைதானத்துக்கு யாரும் போகவில்லை. துரை கோவில் வாசலிலேயே முழங்காலைத் தடவிக்கொண்டு நின்று ஞானமுத்துவைக் கூப்பிட்டார். “உம்மைப் பார்த்துவிட்டேன். ஒரு தரம் போதும். நீர் டிரில் மாஸ்டர்” என்றார். மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டான். எண்ணிக்கைக் கட்சி அன்றோடு கலைந்தது.

நான் சுவரைப் பிடித்து நின்றேன். மாமா தூரத்தில் குடையை விரித்துக் கிளம்பத் தயாரானார். எஸ்தர் என்னைப் பார்க்கவேயில்லை. அப்போது துரை என்னிடம் வந்தார். டேப்பை எடுப்பார் என்று மார்பை விரித்தேன்; சட்டைக்குள் அது நடந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் டேப்பை எடுக்கவில்லை. “உமக்கு டிரில் அல்ல. இத்தனை நேரம் ஒரு சபையை முழங்காலில் வைக்கிறவன் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பெஞ்சில் வைக்கமாட்டானா? வேதபாட வாத்தியாராக வாரும்” என்றார். மாமாவின் குடை மடங்கியது.

“சம்பளம் உண்டுமா?” என்று மாமாதான் கேட்டார். உண்டு என்றார் துரை.

கல்யாணம் அதே கோவிலில் நடந்தது. போதகர் எங்களைப் பார்த்து முழங்கால்படியிடச் சொன்னதும் கோவிலில் ஒரு சலசலப்பு. எஸ்தர் முக்காட்டுக்குள்ளிருந்து, “ஞானமுத்தண்ணன் பக்கத்துலதான் நிக்காரு. பயப்படாதீங்க” என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். “ஜெபம் பண்ணுகவன் எவனாம் ஒவ்வொரு வீட்டுக்கும் தோளைக் குலுக்குவானா?” என்றாள். ஆனால் என் அம்மாவிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. இனிமேல் மனதுக்குள் ஜெபிக்கிறேன் என்று மட்டும் சொல்லித் தண்டாலை நிறுத்தினேன். அம்மா கடைசிவரை அந்தச் சாய்ப்பில் தேங்காய் போட விடவில்லை. அவள் போன பிறகு ஒரு நாள் அதற்குள் போய்த் தனியே நின்றேன். அவளை ஏமாற்றினேனா, சந்தோஷமாக வைத்திருந்தேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போதும் எங்கள் சபையில் என்னை ஜெபிக்கச் சொன்னால், “எல்லாரும் எழுந்து நிற்போம்” என்று போதகர் முந்திக்கொள்வார். எத்தனையோ போதகர்கள் மாறிவிட்டார்கள். புதிதாக வருகிறவருக்குச் சபைக் கணக்கோடு இந்தச் செய்தியையும் சேர்த்து ஒப்படைத்துவிடுகிறார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள், “தாத்தா பெரிய ஜெபவீரராமே, உள்ளதா?” என்று கேட்டால் எஸ்தர் அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்வாள்.

“இவரு தண்டால் எடுத்த காலம் வரைக்கும் சபைக்கு நல்ல ஆசீர்வாதம் மக்கா. ஜெபம் பண்ணுன அன்னைக்குத்தான் எல்லாருக்கும் முட்டுவலி வந்தது.”